பெஸ்ட் பஸ் மானியம்: மும்பை மாநகராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பை மாநகராட்சியின் 227 உறுப்பினர்களுக்கும், குறிப்பாகத் தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், வடாலா, செம்பூர் பக்கத்து வார்டுகளில் எங்கள் ஓட்டை வாங்கிக்கொண்டு மன்றத்துக்குப் போனவர்களுக்கும் வணக்கம்.

இதன் மராத்திப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வரும். தமிழில் எழுதுவது உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்காக. மாநகராட்சியின் பஸ், மின்சார நிறுவனமான பெஸ்ட்டுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது, ஏன் போதவே மாட்டேன் என்கிறது என்று தாராவி 90 அடி சாலை டீக்கடையில் பேசிக்கொள்கிறவர்களும் கணக்கைப் பார்க்கட்டும்.

2022 மார்ச்சில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நிர்வாகி ஒருவரே மன்றமாகவும் இருந்தார். பெஸ்ட்டுக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டில் எழுதிய தொகையை எழுந்து நின்று கேள்வி கேட்க ஆள் இல்லை. 2026 ஜனவரித் தேர்தலுக்குப் பிறகு ஆள் இருக்கிறீர்கள். ஆனால் பட்ஜெட் பேச்சு வந்தாலே எழுவது ஒரே கேள்விதான்: நஷ்டத்தில் ஓடும் பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை வருஷம் கொடுப்பது?

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொடுப்பதை நிறுத்தினால் செலவு மிச்சமாகாது. இப்போது கொடுக்கிற மாதிரியே மொத்தத் தொகையாக, தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் மிச்சமாகாது. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விலை பேசி, தேதி தவறாமல் கொடுத்து, ஓடாத கிலோமீட்டருக்குப் பிடித்தம் செய்தால்தான் குறையும். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

2025-26 பட்ஜெட் ரூ.74,427 கோடி. அதில் பெஸ்ட்டுக்கு ரூ.1,000 கோடி. நூறு ரூபாயில் ஒரு ரூபாய் முப்பத்துநான்கு காசு. நாளுக்குப் பிரித்தால் சுமார் ரூ.2.74 கோடி. நாளொன்றுக்கு 25 லட்சம் பேர் ஏறுகிறார்கள் என்று வைத்தால், ஒரு ஆளின் ஒரு பயணத்துக்கு மாநகராட்சி போடுவது பதினோரு ரூபாய். ஆட்டோ மீட்டர் ரூ.26-லும் டாக்ஸி மீட்டர் ரூ.31-லும் ஆரம்பிக்கிற ஊர் இது. இதே மாநகராட்சி ரூ.13,000 கோடிக்கு மேல் செலவழித்து 10.58 கிலோமீட்டர் கடற்கரைச் சாலை போட்டது. அதில் டோல் கிடையாது. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியும் கிடையாது. அதை யாரும் நஷ்டத்தில் ஓடும் சாலை என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பதும் எங்கள் வாதம் அல்ல. பஸ்ஸுக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு என்பதுதான் கேள்வி.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1947 ஆகஸ்ட் 7-ல் மாநகராட்சி பெஸ்ட்டை வாங்கியபோது டிராம், பஸ், மின்சாரம் மூன்றும் சேர்ந்தே கைக்கு வந்தன. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை இன்றைக்கும் விளக்கு எரிவது பெஸ்ட் மின்சாரத்தில்தான். மின்பிரிவில் மிஞ்சியதை எடுத்து பஸ் பிரிவின் பள்ளத்தில் போடுவது பல பத்தாண்டுகள் நடந்தது. மாநகராட்சி கஜானாவைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. பிறகு பஸ்ஸின் நஷ்டத்தைக் கரண்ட் பில்லில் ஏற்றக்கூடாது என்று ஒழுங்குமுறை விதிகள் இறுகின, அந்த வழி அடைபட்டது. பள்ளம் புதிதாக வந்ததல்ல. அதை நிரப்பும் கைதான் மாறியது. 2012-13 முதல் பதினோராயிரம் கோடிக்கு மேல் மாநகராட்சி கொடுத்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதைக் கடன், உதவி, மானியம் என்று ஏதோ அவசரத்துக்குக் கொடுத்த பணமாகவே எழுதுகிறது. பெஸ்ட் பட்ஜெட்டை மாநகராட்சியின் மூல பட்ஜெட்டோடு இணைக்க முந்தைய மன்றம் தீர்மானம் போட்டதை உங்களில் பழையவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது சட்டத் திருத்தமாகவில்லை.

டிக்கெட்டை ஏற்றினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரட்டை மாடி மின்பஸ்ஸுக்கு 2022-ல் பேசப்பட்ட ஒப்பந்த விலை கிலோமீட்டருக்கு ரூ.56.40. கண்டக்டர் சம்பளம், டெப்போச் செலவு, டிக்கெட் மெஷின் எல்லாம் அதற்கு மேல். 2025 மே மாதக் கட்டண உயர்வுக்குப் பிறகு இந்த மாதிரி ஏசி பஸ்ஸில் முதல் 5 கிலோமீட்டருக்கு ரூ.12. அதாவது ஐந்தும் போகிறவர் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு தருகிறார். ரூ.56.40 என்ற விலையை மட்டும் எடுக்கவே, முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரை, காலை ஐந்தரை மணி முதல் இரவு பதினொன்று வரை, போகும்போதும் வரும்போதும், எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் உள்ளே 24 பேர் இருக்க வேண்டும். காலையில் குர்லா ஸ்டேஷனிலிருந்து பாந்த்ரா-குர்லா வளாகத்துக்குப் போகும் 310-ல் கால் வைக்க இடம் இருக்காது. அதே வண்டி ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காற்றாடும். வேலைக்குப் போகும் கூட்டம் ஒரே திசையில்தான் போகும். எந்த ஊர் பஸ்ஸுக்கும் இதுதான் விதி, நிர்வாகக் கோளாறு அல்ல.

கட்டணத்தை அசைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் இரண்டு திசையிலும் பார்த்துவிட்டது. 2019 ஜூலை 9-ல் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயானது, ஏசிக்கு ஆறு ரூபாய். சில மாதங்களில் பயணிகள் லட்சக்கணக்கில் கூடினார்கள். 2025 மே மாதம் அது பத்தும் பன்னிரண்டுமானது. வசூல் ஏறியது, ஆட்கள் இறங்கினார்கள். இறங்கியவர்களில் பாதிப்பேர் ஷேர் ஆட்டோவுக்குப் போனால்கூட, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ வரிசை நீளும், அந்த வரிசைக்குப் பின்னால் நிற்பது இன்னொரு பெஸ்ட் பஸ்ஸாகத்தான் இருக்கும்.

இனி 2019-ன் இன்னொரு பாதி. கட்டணக் குறைப்போடு மாநகராட்சி வைத்த நிபந்தனை, வெட் லீஸ் வண்டிகளைக் கூட்டுவது. வண்டியும் டிரைவரும் பராமரிப்பும் ஒப்பந்தக்காரருடையது. தடமும் டிக்கெட்டும் டெப்போவும் பெஸ்ட்டுடையது. கிலோமீட்டர் கணக்கில் பில். திட்டம் என்ற அளவில் இதில் தப்பு இல்லை, உலகத்தில் பல ஊர்களில் நடப்பதுதான். அதே ஆண்டு தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் சொந்த வண்டி 3,337-க்குக் குறையாது என்றும் எழுதினார்கள். இன்று சொந்த வண்டி சில நூறு. 15 வயதான வண்டி கழிவுக்குப் போகிறது, அதன் இடத்தில் வாங்கியது எதுவும் இல்லை. பேரம் பேசும் பலம் அங்கேதான் போனது. டெப்போவில் உங்களுக்கென்று வண்டி நிற்கும்வரை, ஒப்பந்தக்காரர் "நாளைக்கு வண்டி எடுக்க மாட்டேன்" என்றால் "சரி, சாவியை வைத்துவிட்டுப் போ" என்று சொல்லலாம். இப்போது சொல்ல முடியாது.

அப்படி நடந்ததும் உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் வாரம் ஒப்பந்த டிரைவர்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், நகரம் முழுக்க ஸ்டாப்புகளில் கூட்டம் தேங்கியது. கட்டுப்படியாகவில்லை என்று ஒப்பந்தத்தின் நடுவிலேயே வண்டிகளை எடுத்துக்கொண்டு போன நிறுவனங்களும் உண்டு. 2022-ல் 2,100 ஏசி மின்பஸ்களுக்கு ரூ.3,675 கோடி ஒப்பந்தம். பன்னிரண்டு மாதத்தில் வர வேண்டியவை, மூன்று ஆண்டு கழிந்தும் முழுதாக வந்து சேரவில்லை. வராத வண்டியை நம்பித்தான் பழைய வண்டிகளைக் கழித்தார்கள்.

தவணைப் பணம் எப்படி வண்டியை நிறுத்துகிறது என்பதையும் படிப்படியாகப் பாருங்கள். மாநகராட்சித் தவணை பிந்துகிறது. பெஸ்ட் முதலில் தன் ஊழியர் சம்பளத்தைக் கொடுக்கிறது, அடுத்து வங்கித் தவணை. ஒப்பந்தக்காரர் பில் பின்னுக்குப் போகிறது, ஓய்வுபெற்றவர்களின் கிராஜுவிட்டி அதற்கும் பின்னால். பில் வராத ஒப்பந்தக்காரர் முதலில் கை வைப்பது உதிரிபாகத்தில்: டயர், பிரேக் லைனிங், ஏசி கம்ப்ரஸர். ஏசி பழுதான வண்டியை ஜன்னல் திறக்காத உடம்போடு மே மாதம் ஓட்ட முடியாது, ஆக அது டெப்போவிலேயே நிற்கும். அடுத்து டிரைவர் சம்பளம் பிந்தும், டிரைவர் விலகுவார், அவசரத்துக்குப் புதியவர் வருவார். ஒரு வண்டி தினம் 16 மணி நேரம் ஓட இரண்டு ஷிஃப்ட், வார விடுமுறையும் லீவும் சேர்த்தால் வண்டிக்கு இரண்டரை டிரைவர் வேண்டும். இரண்டு பேரை வைத்து ஓட்டினால் கணக்கில் மிச்சம், ரோட்டில் தூக்கம். இதற்கெல்லாம் சேர்த்து அடுத்த டெண்டரில் எல்லோரும் விலையை ஏற்றிக் கேட்பார்கள். பணம் தாமதமாகும் ஊர் என்று பெயரெடுத்தால் அந்த ரிஸ்க்குக்கும் கிலோமீட்டருக்குச் சில ரூபாய் சேர்ந்துவிடும். நீங்கள் நிறுத்திவைக்கும் தவணை இப்படி வட்டியோடு உங்களிடமே திரும்பி வருகிறது.

2024 டிசம்பர் 9 இரவு குர்லாவில் நடந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. 12 மீட்டர் மின்பஸ் கூட்டத்துக்குள் புகுந்து பலர் இறந்தார்கள். வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஓட்டியவர் அதற்கு முன் சிறிய கியர் வண்டிகளை ஓட்டியவர் என்பதும், பெரிய மின்வண்டியில் அவருக்குக் கிடைத்த பயிற்சி மிகக் குறைவு என்பதும் அப்போதே வெளியே வந்தன. மின்பஸ்ஸில் கிளட்ச் கிடையாது, என்ஜின் சத்தம் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த நொடியே முழு இழுவிசை வந்துவிடும். காலை எடுத்தால் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். இருபது வருஷம் டீசல் வண்டி ஓட்டிய காலுக்கு இது புதுப் பழக்கம். முதலில் காலி வண்டியில் டெப்போவுக்குள், பிறகு மூத்த டிரைவர் பக்கத்தில் இருக்கப் பகலில், பிறகு நெரிசலில், கடைசியில்தான் பயணிகளோடு என்று படிகள் வேண்டும். டெண்டரில் எவ்வளவு மணி நேரப் பயிற்சி, யார் முன்னிலையில், யார் கையெழுத்து என்று எழுதாதவரை அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். குறைந்த விலைக்குக் கேட்டவருக்கே டெண்டர் என்ற விதி அதற்கான அழைப்பிதழ்.

பணத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். பஸ்ஸின் செலவைத் தீர்மானிப்பது ரோடு, ரோடு உங்களுடையது. 12 கிலோமீட்டர் தடம் ஒன்று, பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பக்கம் 60 நிமிஷம், இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிஷம் நிற்கும் நேரம், மொத்தச் சுற்று 140 நிமிஷம். பத்தால் வகுத்தால் 14 வண்டி. வேகம் 9-க்கு இறங்கட்டும். ஒரு பக்கம் 80 நிமிஷம், சுற்று 180. இப்போது 18 வண்டி. ஸ்டாப்பில் நிற்பவருக்கு அதே பத்து நிமிஷம், டிக்கெட் வசூலும் அதே. ஆனால் வண்டி நான்கு கூடுதல், டிரைவர் பத்துப் பேர் கூடுதல். அந்த நான்கு வண்டியைக் கொடுக்க முடியாதபோது 14 வண்டியை வைத்தே ஓட்டுகிறார்கள், இடைவெளி 13 நிமிஷமாகிறது. பத்துக்குப் பதின்மூன்று பெரிய வித்தியாசமா என்றால், ஆம். ஒரு வண்டி நான்கு நிமிஷம் பிந்தினால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் அதிகம், ஏற்ற நேரம் அதிகம், மேலும் பிந்தும். பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லாததால் அது வேகமாக வந்து முன்வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். அரை மணி காத்த பிறகு ஒரே நம்பர் இரண்டு சேர்ந்து வருவது இதனால்தான். இதை முனையத்தில் நிற்கும் ஸ்டார்ட்டர் சரிசெய்வார்: ஒன்றைப் பிடித்து நிறுத்துவார், ஒன்றைப் பாதி வழியில் திருப்பிவிடுவார். ஆள் குறைப்பில் முதலில் காணாமல் போவது இந்த ஸ்டார்ட்டர்கள்தான். எல்லா வண்டியும் ஜிபிஎஸ்ஸில் தெரிகிறதே என்கிறார்கள். தெரிகிறது. நிறுத்திவைக்கத்தான் ஆள் இல்லை.

சயான் மேம்பாலத்தை 2024 ஆகஸ்ட் 1-ல் மூடினார்கள். நூறு வயது தாண்டிய பாலம், மூடியது சரிதான். ஆனால் தாராவிக்கும் சயானுக்கும் நடுவே ஓடிய தடங்களைச் சுற்றிவிடவோ பாதியில் முடிக்கவோ நேர்ந்தது. சுற்றுப்பாதையின் கூடுதல் கிலோமீட்டரும் நெரிசலில் போன நிமிஷங்களும் பாலத்தின் திட்ட மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை, பெஸ்ட்டின் நஷ்டத்தில் இடம்பெறுகின்றன. பாலமோ ரோடோ மூடும்போது அதற்கான கூடுதல் வண்டிச் செலவை அந்த வேலையின் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும் என்று மன்றம் விதி போடலாம். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். ஸ்டேஷன் வாசல்களில் 200 மீட்டர் தூரத்துக்கு வண்டி நிறுத்தத் தடை போட்டு அதை நிஜமாகவே அமல்படுத்துவதற்கும் வேண்டாம். அதில் கிடைக்கும் நிமிஷங்கள் எந்த டெண்டரிலும் வாங்க முடியாதவை.

டெப்போ நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பட்ஜெட் பற்றாக்குறை என்றாலே எல்லோர் கண்ணும் அங்கேதான் போகிறது. ஒரு டெப்போவை மூடி 60 வண்டியை 6 கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினால், காலையில் போகவும் இரவு திரும்பவும் தினம் 720 கிலோமீட்டர் காலி ஓட்டம். ரூ.56.40 வீதம் நாளுக்கு ரூ.40,608, வருஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி, ஒரு டிக்கெட்கூடக் கிழிக்காமல். மின்பஸ்ஸுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 50 வண்டி, ஒவ்வொன்றுக்கும் இரவில் 200 யூனிட், கிடைக்கும் நேரம் ஐந்து மணி என்றால் 2,000 கிலோவாட் இணைப்பு வேண்டும், தனி சப்-ஸ்டேஷன் வைக்க இடமும் வேண்டும். மேலே அடுக்குமாடி கட்டிக் கீழே பஸ் நிறுத்தும் திட்டங்களில் கூரை உயரம், திருப்பும் வளையம், சார்ஜர் வரிசை, தீயணைப்பு வழி நான்கையும் முதல் வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் விற்கும் நிறுவனமே தன் வண்டிக்கு மின் இணைப்புக்காகக் காத்திருக்கிற கூத்து வேண்டாம்.

மினி பஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். கிலோமீட்டர் விலை குறைவு என்று காட்டிப் பெரிய வண்டி ஓடிய தடத்தில் சின்ன வண்டியை விட்டார்கள். டிரைவர் அதே ஒருவர், ரோட்டில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஏற்றும் ஆள் பாதி. சந்து பொந்துக்கும், 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த மெட்ரோ 3-ன் தாராவி ஸ்டேஷனிலிருந்து உள்ளே கும்பார்வாடா, குட்டிவாடி பக்கம் விடவும் சின்ன வண்டி பொருத்தம். நெடுந்தடத்துக்குப் பொருந்தாது. கண்டக்டர் இல்லா வண்டியும் அப்படித்தான். இரண்டே முனை உள்ள தடத்தில் கீழேயே டிக்கெட் கொடுத்து ஏற்றலாம். நடுவில் பன்னிரண்டு ஸ்டாப் இருந்தால் ஒன்று வண்டி நின்று நின்று போகும், இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாமல் போகும்.

ஆக, பட்ஜெட்டில் பெஸ்ட் வரி வரும்போது கை தூக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். தடவாரியாகச் சென்ற ஆண்டு ஓட வேண்டிய கிலோமீட்டர் எவ்வளவு, ஓடியது எவ்வளவு. ஓடாததில் வண்டி இல்லாமல் போனது, டிரைவர் இல்லாமல் போனது, நெரிசலில் போனது என்று தனித்தனிக் கணக்கு. ஒப்பந்தக்காரர் பில் வந்த தேதி, பணம் போன தேதி. சொந்த வண்டியை மறுபடி எத்தனைக்கு எந்த ஆண்டுக்குள் கொண்டுவருவது என்ற அட்டவணை. 3,337 இல்லாவிட்டாலும் ஒரு ஒப்பந்தக்காரர் போனால் தாங்கும் அளவாவது. தொகையை மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் தனிக் கணக்கில் போட்டு, ஓட்டக் கணக்கைப் பார்த்து விடுவிக்கும் ஏற்பாடு. பஸ் ஓட்டுவது மாநகராட்சியின் கட்டாயக் கடமை அல்ல, விருப்பக் கடமைதான் என்று அதிகாரிகள் பக்கத்திலிருந்து பதில் வரக்கூடும். வந்தால், 1947 முதல் விரும்பித்தான் நடத்துகிறோமா என்பதை நிலைக்குழுவின் மூடிய அறையில் தீர்க்காமல், பொது மன்றத்தில் பெயர் சொல்லி வாக்கெடுப்புக்கு விடுங்கள். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை வார்டு வாரியாகத் தமிழிலும் அச்சடித்து ஸ்டாப்புகளில் ஒட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாராவி, சயான், வடாலா, செம்பூர் வட்டாரத்து பஸ் பயணிகளும், டெப்போக்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும்